வாடையில்லா விஷம்

கள்ளின் கேட்டை நம்மவர்க்கு எடுத்துரைக்க இனி எவரும் வேண்டுவதில்லை. 1947ஆம் ஆண்டிலேயே கெடாவின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைமுன் மறியல் செய்தனர். கள் குடித்தவனை அவன் வாயின் வாடையே காட்டிக்கொடுக்கும். இக்காலத்து வாலிபரைப் பற்றும் ஷாபுவுக்கும், ‘பில் குடா’ என்னும் குதிரை மாத்திரைக்கும் அவ்வாடையில்லை, தள்ளாட்டமுமில்லை. தொடக்கத்தில் அவை சுறுசுறுப்பு என்னும் நல்வேடம் புனைந்தே வருகின்றன.

இரண்டிலும் உள்ள சரக்கு மெத்தாம்பெட்டமின். 1893இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி இதனை ஆக்கினார். இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களின் தூக்கத்தை விரட்ட இது வழங்கப்பட்டது. போருக்குப்பின் பரவிய கேட்டைக் கண்டு, 1951இல் ஜப்பானே இதனைச் சட்டத்தால் அடக்க நேர்ந்தது. மூளையில் டோபமினைப் பெருக்கிக் களைப்பை மறைப்பதே இதன் வேலை. புதிய பலம் எதனையும் இது தருவதில்லை.

மந்தினை அடுத்த தோட்டமொன்றில் கிராணியாயுள்ள யாம் நாள்தோறும் செக்ரோல் எழுதுகிறோம். செம்பனைக் குலை ஏற்றும் வாலிபன் ஒருவனின் பெயருக்கு நேரே மூன்று நாள் ஓயாத வேலை. அடுத்த இரண்டு நாள் வெற்றிடம். இப்படியே மாறி மாறி வந்தது. “குதிரை மாதிரி உழைக்கிறான், கிராணி ஐயா!” என்று மண்டோர் மெச்சினார். வீட்டிலோ அவன் சோற்றைத் தொடவில்லை, உடல் இளைத்தது, பல்லை நறநறவென்று கடித்தான், கண்ணின் கருமணி விரிந்து நின்றது, தோலைச் சொறிந்து புண்ணாக்கினான். பின்னர், சுவருக்கு அப்பால் எவரோ தன்னைக் கொல்லப் பேசுவதாக அலறினான். செய்வினையென்று தாயார் பூசாரியைத் தேடினார். தாயத்துக்குப் பணம் போயிற்று, நோய் போகவில்லை.

அன்பர்களே, விஷம் மூளையைக் கலக்குவதால் கேட்கும் குரலுக்குப் பேயின்மீது பழி போடுவது அறிவாகுமா? யாம் அவ்வம்மையாரிடம் செக்ரோலைக் காட்டி விளக்கி, மகனை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் துணை நின்றோம். இப்பழக்கத்தை ஒரே மூச்சில் நீக்கும் மருந்து இல்லை. ஆலோசனையும், உறக்கமும், உணவும், பொறுமையுமே சிகிச்சை. தாமாக முன்வருவோர்க்குத் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமும் உதவுகிறது. இன்று அவன் பெயருக்கு நேரே வரவு ஒழுங்காயிருக்கிறது. எனினும் ஆசை மீண்டும் எழும் நாள்கள் உண்டென்று அவனே சொல்லுகிறான்.

ஓர் அறிகுறியை மட்டும் கொண்டு எவரையும் குற்றவாளியாக்குதல் தகாது. ஆனால், உறங்காத உழைப்பும், அதன்பின் எழாத உறக்கமும் மாறி மாறி வரக் கண்டால், மெச்சுவதை நிறுத்தி அன்போடு வினவுங்கள். மானத்துக்கு அஞ்சி மறைக்கும் வீட்டிலேதான் இவ்விஷம் வேரூன்றுகிறது.