பத்தடி அறையில் ஒரு கிதார்

தில்லி முனிர்க்காவின் குறுகிய சந்துகளில் மாணவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் அறைகளில் பல, நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் ஏறத்தாழ பத்தடி என்ற கணக்கில் கட்டப்பட்டவை. ஷில்லாங்கிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த இளைஞர் ஒருவருக்கும் அப்படியோர் அறைதான் வாய்த்தது. புத்தக மூட்டைகளோடு ஒரு மின் கிதாரும், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஓர் ஆம்ப்ளிஃபயரும் அவருடன் வந்து சேர்ந்தன. ஊரில் தெளிவாகப் பேசிய அந்த ஆம்ப் இங்கே குடத்துக்குள் முழங்குவதுபோல் முழங்கியது. ரயில் பயணத்தில் ஏதோ பழுதாகிவிட்டது என்றே அவர் எண்ணினார். பழுது பார்ப்பவரோ திறந்து பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

குறை ஆம்பில் இல்லை; இரண்டு வீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டில் இருந்தது. 1897 ஜூன் 12 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. அதன்பின் அப்பகுதியில் பரவலானவை, இன்று 'அசாம் வகை' என்று அறியப்படும் இலகுவான வீடுகள்: மரச்சட்டம், இக்ரா என்னும் நாணல் தட்டியின் மேல் பூச்சு, தகரக் கூரை. நடுக்கத்துக்கு அஞ்சிக் கட்டிய இந்த மெல்லிய சுவர்கள் ஒலிக்கும் இசைந்து கொடுப்பவை. தாழ்ந்த சுருதிகள் பட்டதும் தாமும் சற்றே அதிர்ந்து, அவற்றின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மற்றொரு பகுதியை வெளியே போகவிடும். அவர் கிதார் பழகியது அத்தகைய வீட்டில்தான். தில்லியின் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் பளிங்குத் தரையும் எதையும் தின்பதில்லை. வந்த ஒலியை அப்படியே திருப்பி அனுப்புகின்றன.

கனசதுர அறை என்பதால் நிலைமை மேலும் மோசம். ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மூன்று மீட்டர்ச் சொச்சம் இருந்தால் 57 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை எழும். மூன்று அளவுகளும் ஒன்றே என்பதால் மூன்று திசைகளின் அலைகளும் அதே அதிர்வெண்ணில் வந்து குவியும். குறுக்காக எழும் அலைகளைக் கணக்கிட்டால் 80, 98 ஹெர்ட்ஸ், அடுத்தது 113. கிதாரின் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி சுரம் துல்லியமாக 98. ஆக, அவர் ஜி வாசித்தபோதெல்லாம் அறையும் சேர்ந்து வாசித்தது.

இது ரசனை சார்ந்த சிக்கலாக மட்டும் இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். முழக்கத்தில் சுரங்கள் கலங்கியதால், தெளிவைத் தேடி அவர் ஒலியளவைக் கூட்டினார். கூட்டக் கூட்ட முழக்கமே பெருகியது. கீழ்வீட்டார் முறையிட்டனர். இன்னொரு முறை புகார் வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார் வீட்டுக்காரர். வடகிழக்கிலிருந்து வரும் மாணவருக்குத் தில்லியில் அந்த எச்சரிக்கையின் எடை தெரியும்: முன்பணம் சிக்கும், அடுத்த வாசலில் முகத்தைப் பார்த்தே 'அறை இல்லை' என்ற பதில் வரக்கூடும். கிதாரை உறையிலிட்டு மூடிவிடுவதே எளிய வழியாகத் தோன்றியது. ஆனால் ஆய்வேட்டின் நீண்ட மாலைகளில் அவரை ஊரோடு பிணைத்திருந்தது அந்த ஒரு மணி நேரப் பயிற்சிதான்.

நண்பர்கள் பெரிய ஆம்ப் வாங்கச் சொன்னார்கள்; முட்டை அட்டைகளை ஒட்டச் சொன்னார்கள். வாட் பத்து மடங்கானால்தான் காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றும். முழக்கமோ அப்படியே இருக்கும். முட்டை அட்டையும் மெல்லிய நுரையும் உச்ச ஒலிகளை மட்டுமே சிறிது தணிக்கும். அவருக்கு வழி காட்டியது நூலகத்தில் கிடைத்த ஒலியியல் பாடநூல். 1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்ற சிக்கலை வாலஸ் சபைன் ஆராய்ந்தார். சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் அங்கே சுமந்து வந்து அடுக்கி, எதிர்முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் ஒரு துறையானது அந்த மெத்தைகளிலிருந்துதான். மெத்தை முனிர்க்காவிலும் உண்டு.

முதலில் ஆம்பை மூலையிலிருந்து எடுத்து, சுவரின் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் வைத்தார். மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் அறையின் எல்லா நிலை அலைகளையும் ஒருசேர எழுப்பும். அடுத்து அதை நாற்காலியில் ஏற்றி, அடியில் தடித்த பஞ்சுத் திண்டு வைத்தார். பெரிய ஸ்பீக்கரின் உச்ச ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகவே பாயும். இதுவரை அது முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது; இப்போது காதுக்கு வந்தது. தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கிய அதிர்வும் குறைந்தது. எதிர்ச்சுவரில் நான்கு அங்குல இடைவெளி விட்டுக் குளிர்கால ரஜாயைத் தொங்கவிட்டதும், கைதட்டினால் எழுந்த உலோகச் சலசலப்பு அடங்கியது. விருந்தினருக்கான மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினார். 98 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 88 சென்டிமீட்டர். ஒரு மெத்தை அதை முழுதும் அடக்காது. எஞ்சியதைப் பாஸ் குமிழைத் தணித்துச் சமாளித்தார்.

இவை எவையும் ஒலியை அறைக்கு வெளியே போகாமல் தடுப்பவை அல்ல. ஒலியை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. தடுக்கக் கனமான சுவரும் அடைபட்ட இடுக்குகளும் வேண்டும். நடந்தது வேறொன்று: தெளிவு வந்தபின் ஒலியளவைக் கூட்டும் தேவையே இல்லாமல் போயிற்று. மெல்ல ஒலிக்கையில் தாழ்ந்த சுருதிகள் காதுக்கு மேலும் குறைவாகக் கேட்கும் என்று 1933இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியிருக்கிறார்கள். அவ்வியல்பு இங்கே துணைக்கு வந்தது; ஜியின் முழக்கம் மேலும் அடங்கியது.

பிறகு அவர் கீழ்வீட்டுக்குப் போய், மாலை ஆறிலிருந்து ஏழு வரை வாசிக்கலாமா என்று கேட்டார். அந்த வீட்டம்மா, கடந்த ஒரு வாரமாக வாசிப்பதை நிறுத்திவிட்டதாகவே தாம் நினைத்திருந்ததாகச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் அவர் நாள் தவறாமல் வாசித்திருந்தார்.