எலுமிச்சம்பழச் சாற்றிலும் ஏழு காட்டிய மீட்டர்

போன கோடையில் என் பண்ணைக்குட்டையில் ஒரே மதியத்தில் ஐம்பது கிலோவுக்கு மேல் கட்லாவும் ரோகுவும் செத்து மிதந்தன. நோய் எதுவும் இல்லை. யாரும் விஷம் கலக்கவும் இல்லை. நான் பி.எச் மீட்டரை வைத்துக்கொண்ட லட்சணம்தான் காரணம்.

கெண்டை மீன்களுக்குத் தண்ணீரின் பி.எச் 7.5-லிருந்து 8.5 வரை இருப்பது நல்லது என்று பயிற்சியில் சொன்னார்கள். அதற்காகப் பேனா மாதிரி மீட்டர் ஒன்று வாங்கினேன். சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று, ஒவ்வொரு முறையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, மோட்டார் கொட்டகை ஜன்னலில் காயவைப்பேன். எப்போது பார்த்தாலும் 7.1, 7.2 என்றே காட்டியது. கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று சுண்ணாம்பு கரைத்து ஊற்றினேன். தண்ணீர் கரும்பச்சையாக மாறியபோதும் மீட்டரைத்தான் நம்பினேன்.

மீன் செத்த அன்று வந்து பார்த்த மீன்வளத் துறைக்காரர் சோதனைத் தாளை நனைத்துக் காட்டினார். 9-ஐத் தாண்டியிருந்தது. பாசி மிகுந்த குட்டையில் பி.எச் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். அது ஏற ஏற, தீவன மிச்சத்திலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா கடும் விஷமாகும் என்றார். என் மீட்டரை வாங்கி எலுமிச்சம்பழச் சாற்றில் வைத்தார். ஏழு. சமையல் சோடா கரைத்த தண்ணீரிலும் ஏழு. “அண்ணே, இது செத்து ரொம்ப நாளாச்சு. நீங்க சுண்ணாம்பை வேற கொட்டியிருக்கீங்க” என்றார்.

மீட்டரின் நுனியில் இருப்பது மெல்லிய கண்ணாடிக் குமிழ். அதன் மேற்பரப்பு ஈரமாக இருந்தால்தான் சரியாக அளக்கும். காய்ந்தால் எண் தடுமாறும். அடியோடு கெட்டுவிட்டால் எதில் வைத்தாலும் பெரும்பாலும் ஏழை ஒட்டியே நிற்கும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு வைப்பதும் தப்பு. உள்ளே இருக்கும் உப்பை அது இழுத்துவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். அளந்ததும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மெல்லிய தாளால் ஒற்றி எடுக்கிறேன், தேய்ப்பதில்லை. மூடிக்குள் இருக்கும் பஞ்சில், ஆய்வகப் பொருள் கடையில் கிடைக்கும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சில சொட்டு விட்டு, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் நிறுத்தி வைக்கிறேன். உரக்கடைப் பொட்டாஷைக் கரைத்து ஊற்றலாமே என்று என் தம்பி கேட்டான். அதில் அழுக்கு உண்டு, வேண்டாம். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். பாசி வழவழப்பு ஒட்டினால் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கொஞ்ச நேரம் வைத்து அலசுகிறேன்.

வாரம் ஒரு முறை 7 பஃபர் கரைசலிலும், அடுத்து 9.2 பஃபரிலும் வைத்து மீட்டரைச் சரிசெய்கிறேன். பயன்படுத்திய பஃபரைத் திரும்பப் புட்டியில் ஊற்றுவதில்லை. உங்கள் மீட்டர் காய்ந்து போயிருந்தால், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பஃபரில் வைத்துப் பாருங்கள். தேறினால் சரி, தேறாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். என்னுடையது தேறவில்லை.

பஃபர் கையில் இல்லாதவர்கள், குட்டையில் சுண்ணாம்பு போடுவதற்கு முன் வீட்டிலிருக்கும் எலுமிச்சம்பழச் சாற்றில் ஒரு தரம் வைத்துப் பாருங்கள். 2, 3 என்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த மீட்டரை நம்பிச் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள். அரை எலுமிச்சம்பழத்தில் தெரிந்திருக்க வேண்டியதை நான் ஐம்பது கிலோ மீன் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.