சேர்தலும் சேர்த்துவைத்தலும்

1930களின் பிற்பகுதியில் ஹாலிவுட் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியும் மணவிலக்குப் பெறுகிறார்கள், அல்லது பெறும் தறுவாயில் இருக்கிறார்கள். அவளுக்கு வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகிறது. வரப்போகிறவன் நல்லவன், பணமுள்ளவன், சற்று மந்தமானவன். முன்னாள் கணவன் நடுவில் புகுந்து எல்லாவற்றையும் குழப்புகிறான். தொண்ணூறு நிமிடச் சண்டைக்கும் சிரிப்புக்கும் பிறகு, பிரிந்த இருவரே மீண்டும் சேர்கிறார்கள். லியோ மெக்கேரியின் 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937), ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940), ஜார்ஜ் குக்கோரின் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940) ஆகிய மூன்றும் இந்த வகையின் உச்சங்கள். மூன்றிலும் முன்னாள் கணவன் கேரி கிராண்ட்.

ஹார்வர்டின் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1981-இல் இப்படங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஏழு படங்களை எடுத்துக்கொண்டு இவற்றை 'மறுமண நகைச்சுவை' என்று வகைப்படுத்தினார். பழைய நகைச்சுவை நாடகங்களில் இளம் காதலர்கள் தடைகளைத் தாண்டி மணம் முடிப்பார்கள். இங்கே திருமணம் முன்பே முடிந்துவிட்டது, தடை அவர்களுக்குள்ளேயே இருக்கிறது. எனவே கேள்வி மாறிவிடுகிறது. இவர்கள் மணப்பார்களா என்பது போய், மணந்தவர்கள் மணந்தவர்களாகவே நீடிக்கச் சம்மதிப்பார்களா என்பது வந்துவிடுகிறது.

இக்கதை அந்தக் காலத்தில் பெருகியதற்கு உலகியல் காரணம் ஒன்றும் உண்டு. 1934-இன் நடுவிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக நடைமுறைக்கு வந்தன. திருமணத்துக்கு வெளியேயான உறவைக் கவர்ச்சியாகவோ நியாயமாகவோ காட்டக் கூடாது. மணவிலக்குப் பெற்ற தம்பதியர் இந்த விதிக்குள் கிடைத்த ஒரு சந்து. அவர்கள் ஒருவரையொருவர் சீண்டலாம், ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இரவைக் கழிக்கலாம், படுக்கையறைக் கதவைப் பற்றி அரைமணி நேரம் நகைச்சுவை செய்யலாம். கடைசியில் அவர்கள் கணவன் மனைவிதானே என்று தணிக்கையாளர் சமாதானமாகிவிடுவார். ஆனால் சந்தில் நுழைந்த கலைஞர்கள் அங்கே கண்டுபிடித்தது வெறும் தந்திரத்தைவிடப் பெரியது.

'தி ஆஃபுல் ட்ரூத்' படத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்ரி ஃப்ளோரிடாவுக்குப் போனதாகச் சொல்லிவிட்டு எங்கோ இருந்துவிட்டு வருகிறான். விளக்கொளியில் தோலைக் கறுக்க வைத்துக்கொள்கிறான். மனைவிக்கு அவன் கொண்டுவரும் ஆரஞ்சுப் பழத்தில் கலிஃபோர்னியா என்று முத்திரை இருக்கிறது. அவள், லூசி, காலையில் தன் இசை ஆசிரியருடன் வந்து இறங்குகிறாள். வழியில் கார் பழுதாகிவிட்டதாம். ஜெர்ரி எங்கே இருந்தான் என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. சொல்லாததுதான் அதன் மேதைமை. உண்மை என்ன என்று நிரூபித்துத் தீர்க்கிற விஷயமாகத் திருமணத்தை அது பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் சண்டையிடுவது நாய்க்குட்டிக்காக. யாரிடம் போகிறதோ அவருக்கே நாய் என்கிறார் நீதிபதி. லூசி அதன் பொம்மையை மறைவாகக் காட்டி ஜெயித்துவிடுகிறாள். மணவிலக்கு நடைமுறைக்கு வர ஒரு காத்திருப்புக் காலம். அந்தக் காலமே படம்.

அதில் ஒரு காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். லூசியும் இசை ஆசிரியரும் தனியாக இருப்பார்கள் என்று நினைத்து ஜெர்ரி அவர் வீட்டுக்குள் பாய்கிறான். அங்கே அவையோர் அமர்ந்திருக்க, கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. லூசி பாடிக்கொண்டிருக்கிறாள். அசடு வழியப் பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காருகிறான். நாற்காலி சரிந்து மேசையோடு கீழே விழுகிறான். லூசி பாட்டை நிறுத்துவதில்லை. பாட்டின் கடைசி வரியிலேயே, சுருதி பிசகாமல், ஒரு சிறு சிரிப்பைச் சேர்த்து முடிக்கிறாள். ஐரீன் டன்னின் அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிவாகிவிடுகிறது. இவனைப் போல வேறு யாரும் எனக்கு இத்தனை வேடிக்கையாக இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மீதிப் படம் அதை அவனுக்குத் தெரியப்படுத்துவது மட்டுமே.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. நமக்கு இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: ஊடல். திருக்குறள் தன் கடைசி மூன்று அதிகாரங்களைப் புலவிக்கும் புலவி நுணுக்கத்துக்கும் ஊடலுவகைக்கும் ஒதுக்குகிறது. அறத்தில் தொடங்கிய நூல் ஒரு கணவன் மனைவிச் சண்டையின் மகிழ்ச்சியில் முடிவதை நினைத்து நான் வியப்பதுண்டு. திரும்பிவர வழி உண்டு என்று இருவருக்கும் தெரிந்த கோபமே ஊடல். அந்த அமெரிக்கப் படங்கள் நீதிமன்ற உடை அணிந்த ஊடல்கள்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது என் மணவிலக்கு வழக்கின் காத்திருப்புக் காலத்தில். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, இருவரும் மனமொத்து மனுச் செய்தாலும் ஆறு மாதம் பொறுத்திருந்து மீண்டும் வந்து அதே சம்மதத்தைச் சொல்ல வேண்டும். (தகுந்த வழக்குகளில் இதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல். எங்களுடையது அதற்கு முந்தையது.) தோழி ஒருத்தி, சிரிப்பாய் என்று சொல்லிக் குறுந்தகட்டைத் தந்தாள். சிரித்தேன். கூடவே கோபமும் வந்தது. ஏனென்றால் அந்த ஆறு மாதமும் என் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா வந்தார், சித்தப்பா வந்தார், அவர் தரப்பிலிருந்து முன்பின் அறியாத ஒரு மாமா வந்தார். "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனா என்னம்மா" என்றார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட எங்கள் இருவருக்குள் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஒரு பாத்திரத்தின் விரிசலை ஒட்டவைக்க வந்தவர்களைப் போலிருந்தார்கள்.

தமிழில் 'சேர்ந்தார்கள்' என்பதும் 'சேர்த்துவைத்தார்கள்' என்பதும் இருவேறு வினைகள். முதலாவதில் செய்பவர்கள் அந்த இருவர். இரண்டாவதில் செய்பவர்கள் மற்றவர்கள், அந்த இருவரும் செயப்படுபொருள். ஹாலிவுட்டிலும் சேர்த்துவைக்கும் கதை உண்டு. எரிக் கேஸ்ட்னர் 1949-இல் எழுதிய ஜெர்மன் சிறார் நாவல் 'தி பேரண்ட் ட்ராப்' (1961) ஆயிற்று. பிரிந்த பெற்றோரை இரட்டைச் சிறுமியர் சூழ்ச்சி செய்து ஒன்றாக்குகிறார்கள். அது தமிழுக்கு 1965-இல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 'குழந்தையும் தெய்வமும்' என்று வந்தது. இரு சிறுமியராகவும் குட்டி பத்மினி. தலைப்பைக் கவனியுங்கள். சேர்த்துவைப்பவர்கள் இருவர், ஒருவர் குழந்தை, மற்றவர் தெய்வம். கணவனும் மனைவியும் தலைப்பில் இல்லை. நமக்கு எந்தக் கதை உவப்பானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேவல் தன் நூலில் சுட்டிக்காட்டுவது இதற்கு நேரெதிரானது. மறுமண நகைச்சுவைகளில் அந்தத் தம்பதியருக்குக் குழந்தை இல்லை. நாயகியின் தாயும் பெரும்பாலும் காட்சியில் இல்லை. சேர்வதற்கு வெளிக்காரணம் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதற்காகவே எல்லாக் காரணங்களும் விலக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சுவது பேச்சு மட்டும். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்தில் ஹில்டி தன் முன்னாள் கணவனும் பத்திரிகையாசிரியனுமான வால்டரிடம், நாளை எனக்குத் திருமணம் என்று சொல்ல வருகிறாள். மூல நாடகத்தில் ஹில்டி ஓர் ஆண். ஹாக்ஸ் அந்த நிருபரைப் பெண்ணாக்கி, ஆசிரியரின் முன்னாள் மனைவியுமாக்கினார். ஒருவர் வாக்கியம் முடியுமுன் மற்றவர் தொடங்குகிறார். அவ்வளவு வேகத்தில் பேசும் இருவருக்கு மூன்றாமவருடன் வாழ்வது அலுப்பூட்டும் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. வால்டர் பொய்யன், சூழ்ச்சிக்காரன். அவளை மணக்க வந்த அப்பாவி காப்பீட்டுக்காரரைத் திரும்பத் திரும்பச் சிறைக்கு அனுப்புகிறான். ஆனால் அவள் யார் என்பது அவனுக்குத்தான் தெரியும். மற்றவர் அவளுக்கு வீடு தருகிறார், இவன் வேலை தருகிறான்.

திருமணத்தின் தலையாய நோக்கம் உரையாடலே என்ற எண்ணத்தைக் கேவல் கவிஞர் மில்டனிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். மில்டன் 1643-இல் மணவிலக்கை ஆதரித்து ஒரு நூல் வெளியிட்டார். உரையாடல் அற்றுப்போன மணத்தை முறிக்க அனுமதி வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் மணந்த மேரி பாவல் சில வாரங்களிலேயே பிறந்தகம் போய்விட்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், 1645-இல் மேரி திரும்பி வந்தார். மில்டன் ஏற்றுக்கொண்டார். மணவிலக்குக்கு வாதாடிய மகாகவி தானே ஒரு மறுசேர்க்கைக் கதையில் பாத்திரமானார். அது நகைச்சுவையாக இருந்ததா என்பது வேறு விஷயம்.

இந்தப் படங்களை நேசிப்பவர்கள் அவற்றின் இருண்ட ஓரங்களையும் பார்க்க வேண்டும். 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' ஒரு வசனமும் இல்லாமல் தொடங்குகிறது. வீட்டைவிட்டு வெளியேறும் கணவனின் கோல்ஃப் மட்டையை மனைவி முழங்காலில் வைத்து ஒடிக்கிறாள். அவன் அவள் முகத்தில் கைவைத்துத் தரையில் தள்ளுகிறான். பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். நான் ஒவ்வொருமுறையும் சிரிக்க முடியாமல் விழிக்கிறேன். அவனுடைய குடிப்பழக்கத்துக்கு அவளுடைய கண்டிப்புக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு நடனக்காரியுடன் சுற்றிய தந்தை, மகள் அன்பாக இருந்திருந்தால் தனக்கு இது நேர்ந்திருக்காது என்று அவளிடமே சொல்கிறார். கேத்தரின் ஹெப்பர்ன் என்ற மகத்தான நடிகை தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறார். அவள் கீழிறங்கி வந்த பிறகே மறுமணம் கைகூடுகிறது. பெரியம்மாவின் 'விட்டுக்கொடுத்து' என்ற சொல்லை அழகான ஆங்கிலத்தில் கேட்டதுபோல் எனக்கு இருந்தது.

எங்கள் ஆறு மாதமும் முடிந்து குடும்ப நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றிருந்தபோது, டவாலி எங்கள் இருவர் பெயரையும் முதலெழுத்துகளோடு சேர்த்து உரக்க அழைத்தார். அவர் என் பக்கம் சாய்ந்து, "கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இப்பத்தான் நம்ம பேரைச் சேர்த்துப் படிக்கிறாங்க" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வழக்கறிஞர் எங்கள் இருவரையும் கலவரத்துடன் பார்த்தார். பிறகு உள்ளே போய் இருவரும் சம்மதத்தைச் சொன்னோம். அந்தச் சிரிப்பு உண்மையானது. ஆனால் அது போதவில்லை. சேர்ந்து சிரிக்க முடிந்தவர்கள் சேர்ந்து வாழவும் முடியும் என்பதே இப்படங்களின் நம்பிக்கை. அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதை என்னால் சாட்சியாகச் சொல்ல முடியும். அதைச் சொல்ல வருத்தமில்லை. நல்ல சிரிப்பொன்று ஒரு மணத்தின் கடைசிப் பொருளாக மிஞ்சுவதும் ஒரு பேறுதான்.

பிற்காலப் படங்களில் நான்ஸி மேயர்ஸின் 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' (2009) இதைச் சொல்லத் துணிந்தது. பிரிந்து பத்தாண்டுகளான தம்பதியர் மீண்டும் நெருங்குகிறார்கள், ஆனால் அவள் திரும்பிப்போவதில்லை. ஜார்ஜ் க்ளூனியும் ஜூலியா ராபர்ட்ஸும் நடித்த 'டிக்கெட் டு பாரடைஸ்' (2022) பழைய முடிவுக்கே திரும்பியது. பாலித் தீவின் கடல் அழகாக இருந்தது. பேச்சில்தான் பழைய வேகம் இல்லை.

இறுதியாக, மெக்கேரியைப் பற்றி ஒன்று. 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்றபோது, தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் சொன்னார். அவர் மனத்திலிருந்தது அதே 1937-இல் அவர் எடுத்து வசூலில் தோற்ற 'மேக் வே ஃபார் டுமாரோ'. அதில் ஒரு முதிய தம்பதியர். வீடு வங்கியிடம் போய்விடுகிறது. பிள்ளைகள் ஐவரில் எவராலும் இருவரையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆளுக்கொரு பிள்ளை வீட்டில் பிரிந்து இருக்கிறார்கள். கடைசியில் கிழவரைக் கலிஃபோர்னியாவில் உள்ள மகளிடம் அனுப்ப ஏற்பாடாகிறது. கிழவிக்கு முதியோர் இல்லம், அது அவருக்குத் தெரியாது. ரயிலுக்கு முன் கிடைத்த சில மணி நேரத்தில், தேனிலவுக்குத் தங்கிய நியூயார்க் ஓட்டலுக்குப் போய் நடனமாடுகிறார்கள். பிறகு ரயில் புறப்படுகிறது. அவள் நடைமேடையில் நிற்கிறாள்.

அந்தக் கிழவியின் பெயரும் லூசி. ஒரே ஆண்டில் ஒரே மனிதர், பிரிய விரும்பிய ஒரு லூசியைச் சேர வைத்தார், பிரிய விரும்பாத இன்னொரு லூசியைப் பிரித்துக் காட்டினார். முதல் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இரண்டாவதையும் தேடிப் பார்க்க வேண்டும். முடிந்தால் அதே வாரத்தில்.