காவிரிக்கு ஒரு கடல் சாட்சி

பெங்களூரில் கடல் இல்லை. தண்ணீரும் அவ்வளவாக இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் நகரம் அது. லால்பாக் பூங்காவின் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் பாறைக்குக் கிட்டத்தட்ட 300 கோடி வயது. உலகத்தில் கிளிஞ்சல் என்று ஒன்று தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இறுகிப்போன பாறை. நகரத்துக் குழாய்களில் வரும் காவிரியோ ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து ராட்சத பம்புகளால் 500 மீட்டர் மேலேற்றப்பட்டு வருகிறது. 2023இல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வரிசையாக வறண்டன. லாரித் தண்ணீருக்காக அடுக்குமாடிவாசிகள் காத்துக் கிடந்தார்கள்.

அந்தக் குழாய்த் தண்ணீரின் பூர்வீகக் கதை அரபிக் கடலின் அடிச்சேற்றில் எழுதப்பட்டிருக்கிறது என்றால், பெங்களூர்க்காரர்களும் நம்ப மாட்டார்கள், தஞ்சாவூர்க்காரர்களும் நம்ப மாட்டார்கள்.

காவிரி வழக்கு முழுவதும் கணக்கு வழக்குதான். 2007இல் நடுவர் மன்றம் ஆற்றின் மொத்த வளத்தை 740 டி.எம்.சி. என்று வைத்துக்கொண்டு பங்கு பிரித்தது. பாதி வருடங்களில் இந்த அளவு கிடைக்கும் என்பது அனுமானம். 2018இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி.யைக் கூடுதலாக ஒதுக்கியது. இரு தரப்பும் மேஜையில் பரப்பியது சென்ற நூற்றாண்டின் நீர்வரத்துப் பதிவுகளை. இந்தியா முழுமைக்குமான மழைக் கணக்கே 1871இலிருந்துதான் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. பேரேட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு நடந்த பாகப்பிரிவினை இது.

முந்தைய பக்கங்கள் எங்கே? ஜூன் மாதம் குடகு மலையில் மோதி காவிரியை நிரப்பும் அதே தென்மேற்குக் காற்று, அதற்கு முன் சோமாலியா, ஓமன் கரைகளை உரசிக்கொண்டு வருகிறது. வருகிற வேகத்தில் மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. காலியான இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுகிறது. அதில் உரச்சத்து அதிகம். நுண்ணுயிர்கள் பெருகித் தள்ளுகின்றன. அவற்றில் ஒரு கூட்டம்தான் ரேடியோலேரியா.

இவை ஒற்றைச் செல் பிராணிகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். ஆனால் இந்தப் பொடியன்கள் கடல் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சித் தங்களுக்குக் கண்ணாடியில் கூடு கட்டிக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்று பந்துக்குள் பந்தாக இருக்கும். ஒன்று கோயில் மணி. ஒன்று முள் முளைத்த கிரீடம். 50 கோடி வருடங்களாக இந்தக் கட்டடக் கலை நடந்துகொண்டிருக்கிறது. செத்ததும் கூடுகள் அடிமட்டத்துக்கு இறங்கி, அடுக்கடுக்காகப் படிகின்றன. காற்று பலமாக வீசிய காலத்து அடுக்கில், குளிர்நீர் மேலெழும் இடங்களை விரும்பும் இனங்கள் அதிகமாகக் கிடக்கும்.

கண்ணாடி என்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஃபோராமினிஃபெரா என்ற இன்னொரு நுண்ணுயிர் சுண்ணாம்பில் ஓடு கட்டுகிறது. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு கரைந்து போகும். அங்கே ரேடியோலேரியாவை விட்டால் பேச ஆள் குறைவு. காலம் சொல்வதற்கும் இவை உதவும். ஸ்டைலட்ராக்டஸ் யூனிவர்சஸ் என்ற இனம் சுமார் 4 லட்சம் வருடங்களுக்கு முன் பூண்டோடு அழிந்தது. சேற்றுத் தூணில் அது கடைசியாகத் தென்படும் இடத்தில் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

இவற்றை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல். சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் அள்ளி வந்த சேற்றிலிருந்து 4,000க்கும் அதிகமான இனங்களைப் பட்டியலிட்டு 1887இல் வெளியிட்டார். இடையில் 1881இல் இலங்கைக்கு வந்து, வெலிகமவில் ஒரு பயணிகள் விடுதியையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டு கடலில் வலைவீசியவர். வினோதம் என்னவென்றால், சேலஞ்சர் இந்துமாக்கடலின் தென்கோடி வழியாகப் போய்விட்டது. நம் பக்கக் கடல் ஏறக்குறைய தொடப்படாமலே கிடந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது 1960களின் சர்வதேச இந்துமாக்கடல் ஆய்வு. அதன் விளைவாகத்தான் 1966இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் பிறந்தது, கோவாவில் இருக்கிறது. 1967இல் கேத்தரின் நிக்ரினி இந்துமாக்கடல், அட்லாண்டிக் அடிச்சேற்றின் ரேடியோலேரியா பற்றி எழுதிய நூல் இன்றும் துறையினரின் கையேடு. 1987இல் ஜாய்டீஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் ஓமன் கரையோரம் சேற்றுத் தூண்களை எடுத்தபோது, குளிர்நீர் எழுச்சியைக் காட்டிக்கொடுக்கும் இனங்களை அவற்றில் இனங்கண்டவரும் அவரே. பருவக்காற்று சுமார் 80 லட்சம் வருடங்களுக்கு முன் வலுத்தது என்று அந்தத் தூண்களைப் படித்தவர்கள் சொன்னார்கள். பின்னால் மாலத்தீவருகே துளைத்தவர்கள் அதைச் சுமார் 1.3 கோடி வருடங்களுக்குத் தள்ளிப்போட்டார்கள். சச்சரவு தீரவில்லை, தீராததே நல்லது. அதே ஓமன் சேற்றிலிருந்து அனில் குப்தாவும் சகாக்களும் 2003இல் இன்னொன்றைக் காட்டினார்கள். அவர்கள் எண்ணியது ஃபோராமினிஃபெரா ஓடுகளை. கடந்த சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே பருவக்காற்று பல தடவை, நூற்றாண்டுக் கணக்கில் தளர்ந்திருக்கிறது. வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களோடு அது ஒத்துப்போகிறது. அப்படியொரு தளர்ச்சி திரும்ப வந்தால் 740 என்ற எண் என்ன ஆகும் என்று எந்த வக்கீலும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேறு சொல்வது காற்றின் பலத்தை. குடகில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதை அல்ல. இரண்டும் எப்போதும் சேர்ந்தே போகும் என்றும் நினைக்க வேண்டாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பெங்களூர் வேண்டியிருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் 1982இல் தொடங்கிய வளிமண்டல ஆய்வு மையம் பருவமழையைக் கணினியில் பிடிக்கப் பார்க்கிறது. கடும் வறட்சி நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 முதல் 5 சதவிகிதத்தைத் தின்றுவிடுகிறது என்று கணக்கிட்டவர் அங்கே பணியாற்றிய சுலோசனா காட்கில். கணினி மாதிரி சரிதானா என்று சோதிக்கப் பழைய காலம் வேண்டும். பழைய காலம் சேற்றில் இருக்கிறது.

அதைப் படிக்கும் வேலைதான் யாரையும் கவர்வதில்லை. சேற்றை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைக்க வேண்டும், அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும், நுண்சல்லடையில் அலச வேண்டும், கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். பிறகு எண்ண வேண்டும்: ஒரு தகட்டில் முந்நூறு கூடுகள், ஒவ்வொன்றும் எந்த இனம் என்று. கண் பழகவே வருடங்கள் பிடிக்கும். ஷ்யாம் குப்தா போன்ற ஒரு சிலர் கோவாவில் பல ஆண்டுகள் இதைச் செய்தார்கள். வகைப்பாட்டியல் படிக்க வரும் மாணவர்கள் குறைந்துகொண்டே போவது உலகெங்கும் உள்ள புகார்.

கடலடிக்குப் பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2021இல் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அரசு 4,077 கோடி ரூபாய் அனுமதித்தது. அதே வருடம் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் மத்திய இந்துமாக்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓர் இயந்திரத்தை நடத்திக் காட்டியது. உலோக உருண்டைகளைப் பொறுக்குவதற்கான இயந்திரம். அந்த உருண்டைகளில் பல கிடப்பது ரேடியோலேரியா நிறைந்த சேற்றின் மேல்தான். ஆயிரம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்று சேரும் சேறு. பத்து சென்டிமீட்டர் கலைந்தாலே பல்லாயிரம் வருடங்கள் குழம்பிவிடும்.

ஓமன் சேற்றை எடுத்த அந்தக் கப்பலின் ஆய்வுப் பயணங்கள் 2024இல் முடிந்துவிட்டன. இந்துமாக்கடலில் அது எடுத்த தூண்கள் கோச்சியில் குளிரறைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் கேரளத்துக் கொச்சி அல்ல, ஜப்பானின் கோச்சி. ஆராய்ச்சிக்கு என்று விண்ணப்பித்தால் சில கன சென்டிமீட்டர் சேற்றை அனுப்பி வைப்பார்கள். பெங்களூர் முகவரி என்றாலும் மறுக்க மாட்டார்கள்.