கன்றுக்குட்டியும் கல்லூரிப் படிப்பும்

மார்ச் மாதம் ஹூஸ்டன் நகரமே உடை மாற்றிக்கொள்கிறது. நர்ஸ், வங்கி ஊழியர், எண்ணெய் நிறுவனத்து இன்ஜினீயர் என்று யாரைப் பார்த்தாலும் தலையில் அகலத் தொப்பி, காலில் தோல் பூட்ஸ். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்த நாட்களில், யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: "ரோடியோவுக்குப் போய்விட்டீர்களா?"

மாட்டுக்காரர்களின் வீரவிளையாட்டு விழாவான ரோடியோவுக்கு, காளைச் சவாரியையும் இரவுக் கச்சேரியையும் பார்க்கத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். என்னைக் கூட்டிப்போனவர் அத்தானின் நண்பர். ரோடியோவில் பல வருடத் தொண்டர். "சாயங்காலம் எல்லாரும் பார்ப்பதைக் காட்டுகிறேன். முதலில் காலையில் வாருங்கள்" என்றார். நகர மையத்திலிருந்து மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடத்தில் ஏறி, ரோடியோ நடக்கும் என்.ஆர்.ஜி வளாகத்தை ஒட்டிய நிலையத்தில் இறங்கினேன். பெரிய அரங்கத்துக்குப் பக்கத்திலேயே, பூட்டிக் கிடக்கும் பழைய அரங்கமான ஆஸ்ட்ரோடோம். 1966 முதல் 2002 வரை ரோடியோ அங்கேதான் நடந்தது.

கதை அதற்கும் முந்தியது. 1931-ல் ஹூஸ்டன் வணிகர்கள் சிலர் ஒரு ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியபோது, கால்நடைக் கண்காட்சி ஒன்று நடத்த வேண்டும் என்று பேசினார்கள். அடுத்த ஆண்டே நடத்தியும் விட்டார்கள். பொருளாதார மந்தம் உலகையே வாட்டிய காலம் அது. நல்ல மாட்டு வளர்ப்பை ஊக்குவிக்கத் தொடங்கிய அந்தச் சிறு கண்காட்சியில் 1938-ல் ரோடியோ சேர்ந்தது. 1942-ல் பாடகர்கள் மேடையேறத் தொடங்கினார்கள். 1957-ல் முதல் கல்லூரி உதவித்தொகை. இன்று அது உலகின் மிகப் பெரிய கால்நடைக் கண்காட்சி. லாப நோக்கமில்லாத அமைப்பாகவே இருந்துகொண்டு, டெக்சாஸ் மாணவர்களுக்கும் கல்விக்கும் இதுவரை 60 கோடி டாலருக்கு மேல் தந்திருக்கிறது.

கண்காட்சிக் கூடத்தில் நுழைந்ததும் முதலில் வருவது மரத்தூள் வாசம், பிறகு ஹேர் டிரையர் இரைச்சல். பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும் ஒரு பெண், தன்னைவிட உயரமான கறுப்பு மாட்டுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டி, ஊதி உலர்த்தி, சீவிவிடுகிறார்கள். கையில் நீளமான குச்சி, நுனியில் ஒரு கொக்கி. அதனால் மாட்டின் குளம்பை மெல்ல நகர்த்தி நாலு காலையும் சரியாக நிற்கவைத்தாள். பிறகு அதே கொக்கியால் வயிற்றடியில் சொறிந்துவிட்டாள். மாடு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நடுவர் வந்து முதுகைத் தடவிப் பார்க்கும்வரை அது அப்படியே நிற்க வேண்டும். கன்றாக வாங்கிய நாளிலிருந்து தினமும் விடியற்காலை தீனி வைத்து, பள்ளி விட்டு வந்து நடைபழக்கியதெல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

இப்படி வருகிற பிள்ளைகள் 4-எச், எஃப்.எஃப்.ஏ போன்ற இளையோர் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். மாடு, பன்றி, செம்மறி, வெள்ளாடு, வான்கோழி, பிராய்லர் கோழி என வளர்த்துக் கொண்டுவருகிறார்கள். வென்றவை ஏலத்துக்குப் போகின்றன. கறிக்கடை விலைக்கும் ஏல விலைக்கும் சம்பந்தமே கிடையாது. 2022-ல் முதல் பரிசு பெற்ற காயடித்த காளை ஒன்று 10 லட்சம் டாலருக்குப் போனது. கேட்பவர்கள் குழுவாகச் சேர்ந்து கேட்கிறார்கள்: குடும்பங்கள், நண்பர்கள், கம்பெனிகள். பெரிய தொகைகளில் வளர்த்த பிள்ளைக்கு வரம்பு கட்டிய ஒரு பங்கு போக, மிச்சம் மற்ற மாணவர்களின் கல்வி நிதிக்குச் சேர்கிறது.

இத்தனையையும் இழுத்து நடத்துவது 35,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கமிட்டிகள். வண்டி நிறுத்த ஒரு கமிட்டி, ஆட்டுக்கு ஒன்று, ஏலத்துக்கு ஒன்று, பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களுக்கு ஒன்று. நம் ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு மண்டகப்படியையும் ஒரு தரப்பு எடுத்துச் செய்வதுபோல, ஒவ்வொரு கமிட்டியும் தன் பங்கைத் தன் கௌரவமாக நினைத்துச் செய்கிறது. சம்பளம் இல்லை. உறுப்பினர் கட்டணத்தையும் அவர்களே கட்டுகிறார்கள். அத்தானின் நண்பர் அலுவலகத்தில் எடுக்கும் வருட விடுப்பில் பாதி இங்கேதான் கழிகிறது. ஏன் என்று கேட்டேன். "என் மகள் படித்தது இந்தப் பணத்தில். அதைத் திருப்பிக் கட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்றார்.

கறுப்பின மக்களுக்கும் மெக்சிகோ வம்சாவளியினருக்கும் தனிக் கமிட்டிகள் இருக்கின்றன. தங்கள் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு அவை நிதி திரட்டுகின்றன. மாட்டுக்காரன் என்றாலே வெள்ளைக்காரன் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. ஆனால் ஓடும் மாட்டின் கொம்பைப் பிடித்து மடக்கிச் சாய்க்கும் போட்டியை ரோடியோவுக்குக் கொடுத்த பில் பிக்கெட், டெக்சாஸில் பிறந்த கறுப்பர். ஹூஸ்டனில் முதல் கண்காட்சி நடந்த அதே 1932-ல்தான் அவர் காலமானார். கண்காட்சி தொடங்குமுன் பல திசைகளிலிருந்தும் குதிரையிலும் வண்டியிலும் நாள்கணக்காகப் பயணப்பட்டு நகருக்குள் வரும் வழக்கம் 1952-ல் ஆரம்பித்தது. கறுப்பினத்தவர் 1957-ல் தொடங்கிய பிரெய்ரி வியூ பயணக் குழு இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

மாலை அரங்குக்குள் போனோம். அமெரிக்கக் கால்பந்து ஆடும் மைதானத்தில் மண் கொட்டியிருந்தது. காளைச் சவாரியில் ஒற்றைக் கையால் பிடித்து 8 விநாடி தாங்க வேண்டும். பலர் தாங்கவில்லை. கூட்டம் கூவித் தீர்த்தது. எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வந்த கன்று பிடிக்கும் போட்டி. பத்திருபது கன்றுகளை அவிழ்த்துவிடுகிறார்கள். கன்றுகளைவிட அதிகமாகப் பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு தலைக்கயிறு. பிடித்துக் கயிறு மாட்டி, நடுவில் கோடு போட்ட சதுரத்துக்குள் இழுத்து வர வேண்டும். ஒரு பொடியனை அவன் பிடித்த கன்றே பாதி மைதானம் இழுத்துக்கொண்டு போனது. முகமெல்லாம் மண். கயிற்றை மட்டும் விடவில்லை.

ஜெயித்தவருக்கு அந்தக் கன்று கிடைப்பதில்லை. நல்ல கிடாரியோ காளைக்கன்றோ வாங்கிக்கொள்ளப் பணச்சீட்டு கிடைக்கிறது. அதைத் தருபவர் ஒரு நன்கொடையாளர். பிள்ளை மாதாமாதம் அவருக்கு எழுத வேண்டும்: என்ன தீனி வைத்தேன், எடை எவ்வளவு கூடியது, என்ன நோய் வந்தது, எவ்வளவு செலவாயிற்று. அடுத்த வருடம் அதே மாட்டை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன். காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோவது எளிது. இங்கே கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு வருடம் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். நகரத்து அலுவலகத்தில் இருப்பவருக்குத் தீவன விலை தெரிகிறது. கிராமத்துப் பிள்ளைக்குக் கணக்கு எழுதவும், தன் உழைப்பை இன்னொருவருக்கு விளக்கிச் சொல்லவும் வருகிறது.

விலங்கு நல அமைப்புகள் ரோடியோவை நெடுநாளாக எதிர்த்துவருகின்றன. அந்தக் குரலை ஒதுக்க என்னால் முடியாது. ஓடும் கன்றின் கழுத்தில் கயிறு வீசி, கீழே தள்ளி, மூன்று கால்களைக் கட்டும் போட்டியை நான் பார்க்க விரும்பவில்லை. அது இல்லாமல் போனாலும் இந்தக் கல்வி நிதி நிற்கும், தொண்டர்கள் வருவார்கள் என்றே நம்புகிறேன். காலையில் பார்த்த பெண்ணின் மாடும் கடைசியில் இறைச்சிக்குத்தான் போகும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே வளர்க்கிறாள். தட்டில் வருவது எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் வளரும் நகரத்துப் பிள்ளைகளைவிட, அந்த வயதிலேயே அதை நேருக்கு நேர் சந்திக்கிறவள் அவள்.

மார்ச்சில் ஹூஸ்டன் பக்கம் போகிறவர்கள் இரவுக் கச்சேரிக்கு மட்டும் டிக்கெட் எடுத்துத் திரும்பிவிட வேண்டாம். காலையிலேயே போங்கள். மாடு தேய்த்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பிள்ளையிடம் அதன் பெயரையும் தீனியையும் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். கூடவே குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கேட்கவிடுங்கள். நாம் கட்டும் நுழைவுக் கட்டணம் எங்கே போகிறது என்பது அவர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும்.