ஒரே ஊர்... ரெண்டு மைதானம்... பத்தாயிரம் கிலோமீட்டர்!

அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸை சுத்திப் பார்க்கணும்னா காஸ்ட்லி டூர் பேக்கேஜ் எல்லாம் வேணாம் ஃப்ரெண்ட்ஸ். 152-ம் நம்பர் டவுன் பஸ் போதும். தெற்கே லா போகா துறைமுகப் பகுதியில ஏறினா, நகர மையத்தைக் கடந்து வடக்கே நூன்யெஸ் பக்கம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிடும். ஏறுற இடத்துல ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம், இறங்குற இடத்துல இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனா, 2018-ல ஒரு ஃபைனல் மேட்ச் இந்தத் தூரத்தைத் தாண்ட முடியாம, கடல் தாண்டிப் போய் நடந்தது. அந்தக் கதையோட சேர்த்தே ஊரையும் பார்த்துடலாம், வாங்க!

மிச்ச பெயின்ட் ஊர்

லா போகா பழைய துறைமுகப் பேட்டை. இத்தாலியோட ஜெனோவா பக்கத்துல இருந்து பிழைப்பு தேடிக் கப்பல் ஏறி வந்தவங்க குடியேறின இடம். தகர ஷீட்ல வீடு கட்டி, கப்பலுக்கு அடிச்சு மிச்சமான பெயின்ட்டைச் சுவத்துக்கு அடிச்சாங்க. நீலம் தீர்ந்தா மஞ்சள், மஞ்சள் தீர்ந்தா பச்சை! அந்த வறுமைதான் இன்னிக்கு டூரிஸ்ட் கேமராவுக்கு அழகு. ‘கமினிட்டோ’ங்கிற குட்டித் தெருவை, அங்கேயே வளர்ந்த ஓவியர் பெனிட்டோ கின்கேலா மார்ட்டின் முயற்சியில 1959-ல திறந்தவெளி மியூசியமாவே ஆக்கிட்டாங்க.

ரிவர் பிளேட் (1901), போகா ஜூனியர்ஸ் (1905) ரெண்டு கிளப்பும் பொறந்தது இதே பேட்டையிலதான். ரிவர் பிளேட் பின்னாடி வசதியான வடக்குப் பக்கம் வீடு மாறிடுச்சு. 1930-களில் காசைக் கொட்டி பிளேயர்களை வாங்கினதால ‘மில்லியனர்கள்’னு பட்டப்பேரும் வந்துச்சு. போகா பேட்டையை விட்டு நகரலை. அவங்க பட்டப்பேரே ‘ஜெனோவாக்காரங்க’தான். அண்ணன் பங்களாவுக்குப் போயிட்டான், தம்பி தகர வீட்டுலயே இருக்கான். கோபம் இருக்காதா பின்னே?

போகாவோட ‘லா பொம்போனேரா’ 1940-ல திறந்தது. பேருக்கு அர்த்தம் சாக்லேட் டப்பா. இடம் பத்தாததால மூணு பக்கம் செங்குத்தா கேலரி, நாலாவது பக்கம் மட்டும் ஒல்லியா நிமிர்ந்து நிக்கும். கூட்டம் சேர்ந்து குதிச்சா கான்கிரீட் அதிரும். ‘நடுங்கலை, இதயம் மாதிரி துடிக்குது’ன்னு பெருமையா சொல்வாங்க ரசிகர்கள். ரிவரோட ‘மோனுமென்ட்டல்’ 1938-ல திறந்த பிரம்மாண்டம். 1978 உலகக்கோப்பை ஃபைனலே இங்கேதான்.

வீட்டுக்கே வரும் ஃபைனல்

ஐரோப்பாவுக்கு சாம்பியன்ஸ் லீக் எப்படியோ, தென் அமெரிக்காவுக்கு ‘கோபா லிபர்ட்டடோரெஸ்’ அப்படி. 1960-ல ஆரம்பிச்ச இந்தப் போட்டியில 2018 வரைக்கும் ஃபைனல் ஒரு மேட்ச் கிடையாது. உன் ஊர்ல ஒண்ணு, என் ஊர்ல ஒண்ணு. ரெண்டு லெக்!

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கறீங்களா? டிக்கெட் விலையைத் தாண்டி ஒரு கணக்கு இருக்கு பாஸ். நடுநிலை ஊர்ல ஒரே மேட்ச்னா ஃப்ளைட், ஹோட்டல்னு காசு உள்ளவன்தான் போக முடியும். ரெண்டு லெக்னா ஃபைனல் உங்க தெருவைத் தேடி வரும். மீன் விக்கிறவர், பஸ் கண்டக்டர், காலேஜ் பசங்கன்னு வருஷம் பூரா கத்தினவங்களே கடைசி நாளும் கத்தலாம்.

2018-ல லாட்டரி அடிச்ச மாதிரி போகா, ரிவர் ரெண்டும் முதல்முறையா ஃபைனல்ல மோதின. ரெண்டு லெக்கும் ஒரே ஊர்ல! போதாக்குறைக்கு, அடுத்த வருஷத்துல இருந்து ஒரே மேட்ச்தான்னு தென் அமெரிக்கக் கால்பந்து கூட்டமைப்பு ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தது. ஆக, இதுதான் கடைசி ரெண்டு லெக் ஃபைனல்.

நவம்பர் 10-ம் தேதி மழை கொட்டி பொம்போனேரா குளமாக, மறுநாள் முதல் லெக் நடந்தது. போகா ரெண்டு தடவை முந்த, ரிவர் ரெண்டு தடவையும் துரத்திப் பிடிக்க, 2-2. வெளியூர் கோலுக்கு எக்ஸ்ட்ரா மதிப்புங்கிற விதி ஃபைனலுக்குக் கிடையாது. ஸோ, கணக்கு மறுபடி பூஜ்யம்!

ஆனா கேலரியில ஒரு குறை. 2013-ல ஒரு ரசிகர் உயிர்போன சம்பவத்துக்கு அப்புறம், அர்ஜென்டினாவுல எதிர் டீம் ரசிகர்களுக்குத் தடை போட்டிருந்தாங்க. அதனால முதல் லெக்ல போகா கூட்டம் மட்டும். ரெண்டாவது லெக்ல ரிவர் கூட்டம் மட்டும். ஒரே ஊர்க்காரங்க ஒரே மேட்ச்சை ஒண்ணா உட்கார்ந்து பார்க்க முடியாத நிலைமை!

அந்தக் கடைசி வளைவு

நவம்பர் 24. மோனுமென்ட்டல்ல 66 ஆயிரம் பேர் பல மணி நேரம் முன்னாடியே உட்கார்ந்தாச்சு. போகா டீம் பஸ் லிபர்ட்டடோர் அவென்யூ பக்கம் திரும்புது. அங்கே காத்திருந்த ரிவர் ரசிகர் கூட்டம் கல், பாட்டில்னு வீச, ஜன்னல் கண்ணாடி நொறுங்கி உள்ளே விழுது. கூட்டத்தைக் கலைக்க போலீஸ் அடிச்ச மிளகு ஸ்பிரே காத்தும் பஸ்ஸுக்குள்ளேயே போகுது. பிளேயர்கள் இருமி, வாந்தி எடுத்துக்கிட்டே இறங்கினாங்க. கேப்டன் பாப்லோ பெரெஸ் கண்ணுல கட்டோட ஆஸ்பத்திரியில இருந்து திரும்பினார்.

மேட்ச் ஒரு மணி நேரம் தள்ளிப் போச்சு. அப்புறம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல. கடைசியில ‘நாளைக்கு வாங்க’ன்னுட்டாங்க. மறுநாள் வந்தவங்களுக்கும் அதே பதில். கல் எறிஞ்சது ஒரு வளைவுல நின்ன கூட்டம். தண்டனை 66 ஆயிரம் பேருக்கு.

இந்த ரெண்டு கிளப்புக்கும் இது புது காயம் இல்லை. 1968-ல இதே மோனுமென்ட்டல்ல, போகா-ரிவர் மேட்ச் முடிஞ்சு வெளியே வர்றப்ப 12-ம் நம்பர் கேட்ல நெரிசலில் 71 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் உங்க வயசுப் பசங்க. யாருக்கும் தண்டனை கிடைக்கலை. கேட்டோட நம்பரைத்தான் மாத்தினாங்க! 2015-ல பொம்போனேராவுல ரிவர் பிளேயர்கள் மேல போகா ரசிகர்கள் பக்கத்துல இருந்து மிளகு ஸ்பிரே அடிக்க, போகாவைப் போட்டியை விட்டே நீக்கினாங்க. ‘அதே நியாயப்படி கோப்பை எங்களுக்குத்தான்’னு 2018-ல போகா கேட்டுது. கூட்டமைப்பு ஒத்துக்கலை. ரிவருக்கு அபராதம் போட்டு, மேட்ச்சை நாடு கடத்திட்டாங்க.

எங்கே தெரியுமா? ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்! சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர். ‘லிபர்ட்டடோரெஸ்’னா விடுதலை வீரர்கள்னு அர்த்தம். சான் மார்ட்டின், பொலிவார் மாதிரி ஸ்பெயின்கிட்ட இருந்து தென் அமெரிக்காவை மீட்டவங்க நினைவா வெச்ச பேரு. அந்தக் கோப்பைக்கான ஃபைனல் ஸ்பெயின்லயே! இன்னொரு கூத்து... நவம்பர் 30-ம் தேதி அதே பியூனஸ் அயர்ஸ்லதான் ஜி-20 மாநாடு. உலகத் தலைவர்கள் அத்தனை பேருக்கும் பாதுகாப்பு கொடுத்த ஊரு, ஒரு டீம் பஸ்ஸுக்குக் கொடுக்க முடியலை.

மாட்ரிட்டில் சேர்ந்த கைகள்

டிசம்பர் 9, சாண்டியாகோ பெர்னபூ ஸ்டேடியம். அர்ஜென்டினாவுல இருந்து வர்றவங்களுக்குக் கிளப்புக்கு 5,000 டிக்கெட்தான். மீதியில பெரும்பங்கு ஸ்பெயின்ல வேலை தேடிப் போய் செட்டில் ஆனவங்களுக்கு. மோனுமென்ட்டல்ல ரெண்டு நாள் காத்திருந்த கூட்டத்துல பெரும்பாலானவங்க டி.வி. முன்னாடிதான்.

மேட்ச் செம. போகாவோட பெனடெட்டோ முதல் கோல். ரிவரோட பிராட்டோ பதில் கோல். எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பத்துலயே போகாவோட பாரியோஸுக்கு ரெட் கார்டு. 109-வது நிமிஷம் கொலம்பியாக்காரர் கின்டெரோ இடது கால்ல அடிச்ச அடி, பாருக்கு அடியில பட்டு உள்ளே. கடைசி நொடிகளில் போகா கோல்கீப்பரும் கோல் அடிக்க முன்னாடி ஓட, காலி கோல் போஸ்ட்டை நோக்கி ‘பிட்டி’ மார்ட்டினெஸ் தனியா பந்தோட ஓடினார். 3-1. ரெண்டு லெக்கும் சேர்த்து 5-3. கோப்பை ரிவருக்கு!

ஆனா, ஸ்கோரைவிட கேலரிதான் அன்னிக்கு நியூஸ். ஒரு பக்கம் நீலம்-மஞ்சள், இன்னொரு பக்கம் சிவப்பு-வெள்ளை. சொந்த ஊர்ல அஞ்சு வருஷமா தடை செய்யப்பட்டிருந்த காட்சி, அந்நிய ஊர்ல பெரிய அசம்பாவிதம் இல்லாம நடந்து முடிஞ்சது. முடியாத காரியம் இல்லைன்னு தெரிஞ்சுது. அதுதான் பெரிய வலி.

அடுத்த வருஷம் லிமாவுல நடந்த முதல் ஒற்றை ஃபைனல்ல ரிவர், பிரேசிலோட ஃபிளமெங்கோகிட்ட தோத்துது. ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கும் ஒற்றை ஃபைனலை மூணு வருஷம் முயற்சி பண்ணிப் பார்த்துட்டு, 2023-ல மறுபடி ரெண்டு லெக்குக்கே திரும்பிடுச்சு. ரசிகன் இருக்கற இடத்துக்கு ஃபைனல் போறதுல ஏதோ இருக்கு!

பியூனஸ் அயர்ஸ் போனா ரெண்டு ஸ்டேடியத்துலயும் இருக்கற மியூசியங்களை மிஸ் பண்ணாதீங்க. லா போகாவுல டூரிஸ்ட் தெருக்களைத் தாண்டி இருட்டின பிறகு சுத்தாதீங்க. ரிவர் டி-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு லா போகா பஸ்ல ஏறிடாதீங்க!

போக முடியலைன்னாலும் பரவாயில்லை. அடுத்த தடவை உங்க காலேஜ் கிரவுண்டுக்கு எதிர் டீம் பஸ் வர்றப்போ, விசில் அடிங்க, கலாய்ங்க, தொண்டை வறளக் கத்துங்க. கையில கல் இருந்தா மட்டும் கீழே போட்டுடுங்க. எதிர் டீம் பத்திரமா உள்ளே வந்து இறங்கினாதான் பாஸ், அது ஹோம் மேட்ச்!