இரண்டு கிலோ விதைநெல்

வயலுக்கு மருந்தடித்துத் திரும்பும் நாள்களில் அப்பா இரவில் உண்ண மாட்டார். தலைசுற்றல், குமட்டல். கேட்டால் வெயில் என்பார், நாங்களும் நம்பினோம். நஞ்சுக்கு மருந்து என்று பெயரிட்டவர்கள் நாம்தாமே.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், நம்மாழ்வாரின் வழிநின்று நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திவந்த நெல் திருவிழாவுக்கு ஒருமுறை போனார். இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவுடன் திரும்பினார். விலை கிடையாது, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவே.

ஐந்து மாதத்துக்கும் மேல் வயலில் நின்று, ஆளுயரம் வளர்ந்து சாய்ந்த அப்பயிரைக் கண்டு ஊர் சிரித்தது. உள்ளூர நாங்களும் சிரித்தோம். மகசூல் குறைவுதான், மறைப்பதற்கில்லை. ஆனால் மாட்டுக்கு வைக்கோல் மிகுந்தது. பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதுமானதாயிற்று.

தவிடு நீங்காத அச்செஞ்சோற்றை மென்றுதான் விழுங்கவேண்டும். வழக்கத்தினும் குறைவாக உண்டாலே வயிறு நிறைகிறது. மறுநாள் நீராகாரத்துக்கு இப்போது வீட்டில் போட்டியே நடக்கிறது.

அற்புதம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரை தொடர்கிறது. ஆயினும் வயலிலிருந்து திரும்பும் எல்லா இரவுகளிலும் அப்பா எங்களோடு அமர்ந்து உண்கிறார். நான்கு கிலோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கடன் தீர்ந்ததாகத் தோன்றவில்லை.